சாதாரணப் படையை அரிய நோயாக வளர்ப்பது எப்படி?

மருத்துவ மாநாட்டுத் திரையில் உங்கள் தொடை ஓட வேண்டும். அதைப் பார்த்துப் பேராசிரியர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று ஆசையா? அதற்கு அபூர்வ மரபணுவோ ஆப்பிரிக்கப் பயணமோ தேவையில்லை. இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படை, தெருமுனையில் ஒரு மெடிக்கல் ஷாப், உடம்பு நிறையக் கூச்சம். இவ்வளவு இருந்தால் நீங்களும் ஒரு கேஸ்.

படர்தாமரையை அப்படியே விட்டு வைப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. வட்டமாக இருக்கும், ஓரம் சிவந்து தடித்திருக்கும், நடுவில் தெளிந்திருக்கும். பயிற்சி டாக்டர்கூட வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆகவே முதல் வேலை, அந்த ஓரத்தை அழிப்பது. கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேளுங்கள். எங்கே அரிப்பு என்று அவர் கேட்க மாட்டார். நீங்களும் சொல்லப்போவதில்லை. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, இரண்டுக்கும் தலைவராக குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு, எல்லாம் சேர்ந்த டியூப் ஒன்று கைக்கு வரும். இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. யாராவது சீட்டு கேட்டுத் தொல்லை கொடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும். கடைக்காரரை மனதார வாழ்த்துவீர்கள். ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடுவதே இல்லை. பூஞ்சையை எதிர்த்துத் தோல் போடும் சண்டையைத்தான் அது அடக்குகிறது. சண்டை ஓய்ந்ததும் சிவப்பு மங்கும், ஓரத் தடிப்பு அமுங்கும். எதிர்ப்பாரில்லாத பூஞ்சை இடுப்புக்கும் முதுகுக்கும் குடிபெயரும். கிரீமை நிறுத்தினால் முன்பைவிட மூர்க்கமாக வரும். மறுபடி பூசுங்கள். சில மாதங்களில் வட்டத்துக்குள் வட்டம், ஓரமே இல்லாத செந்திட்டு, அங்கங்கே பரு மாதிரிக் கட்டிகள், தோல் மெலிந்து தொடையில் வரிவரியாகத் தழும்பு என்று ஒரு கண்காட்சியே அமைந்துவிடும். இந்த நிலைக்கு 1968-இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். படை மாறுவேடம் பூண்டுவிட்டது என்று பொருள். வேடம் தைத்துக் கொடுத்த தையற்காரர் நீங்கள்.

நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரம் மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டிரைக்கோபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருப்பதைக் கவனிக்க. அது இப்போது அமெரிக்கா, ஐரோப்பா வரை போய்விட்டது, விசாவுக்கு வரிசையில் நிற்காமலே.

அடுத்த பாடம், பார்ப்பதற்கு முன்பே பெயர் சூட்டுவது. இதில் நம் வீடுகளை மிஞ்ச ஆள் இல்லை. உடம்பெல்லாம் தடித்தால் காணாக்கடி. கடித்ததை யாரும் காணவில்லை என்பதே அதற்குச் சாட்சி. குழந்தைக்குச் சொறி வந்தால் கரப்பான். அன்றோடு கத்திரிக்காயும் கருவாடும் அந்த வீட்டை விட்டு வெளியேறும்.

மழை விட்ட ஒரு ராத்திரி, டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி பறக்க, ஒரு பையன் அதன் கீழே படுத்துத் தூங்குகிறான் என்று வையுங்கள். எறும்பைப் போல நீண்டு, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி உள்ள சிறு வண்டு ஒன்று கழுத்தில் ஊர்கிறது. தூக்கத்திலேயே தட்டித் தேய்க்கிறான். பெடரஸ் என்ற அந்த வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுங்கினால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். ஒன்றிரண்டு நாளில், தேய்த்த வழியெல்லாம் சாட்டையால் அடித்த மாதிரி சிவந்த கோடும் சீழ்க்கொப்புளமும். முழங்கை மடிப்பில் பட்டிருந்தால் மடிப்பின் இரு பக்கமும் அச்சு எடுத்ததுபோல ஒரே மாதிரிப் புண். இதைப் பார்த்ததும் பெரியம்மா, "அக்கிடா இது, குயவர்கிட்ட போய் எழுதிட்டு வா" என்பார். உடனே போக வேண்டும். காவியைக் குழைத்துக் கோழி இறகால் எழுதிவிட்டால் கொப்புளம் எப்படி இருந்தது என்று அப்புறம் எந்த டாக்டராலும் பார்க்க முடியாது. நிஜமாகவே அக்கியாக இருந்தால் இன்னும் விசேஷம். அது நரம்பு வழியே உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வரும் வைரஸ். மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த மூன்று நாளையும் காவி காய்வதற்கு ஒதுக்கிவிடலாம்.

கிளினிக்குக்குப் போவதைத் தவிர்க்கவே முடியாத நாள் வரும். கிளம்புமுன் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் என்று தாராளமாகப் பூசுங்கள். "ஏதாவது போட்டீங்களா?" என்றால், "ஒண்ணுமே போடல டாக்டர்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழையைத் தேடுவார். அரைகுறையாகப் பூசிய பூஞ்சை மருந்து அங்கே ஒன்றும் தெரியாமல் செய்துவிடவும் கூடும். சட்டையைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கையைக் காட்ட வந்தவரிடம் காலைப் பார்க்க அவருக்கு என்ன வேலை?

சில டாக்டர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெண்ணின் கழுத்தில் கறுப்பு. அம்மா பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துவிட்டார். டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு துடை துடைக்கிறார். பஞ்சு பழுப்பாகிறது, கழுத்து வெளுக்கிறது! சோப்புக்குப் போகாமல் ஆல்கஹாலுக்கு மட்டும் போகும் இந்தப் படிவுக்கு 'டெர்ரா ஃபர்மா-ஃபார்ம் டெர்மட்டோசிஸ்' என்று ஊர்ப்பட்ட பெயர் உண்டு. பரிசோதனையும் அதே பஞ்சு, வைத்தியமும் அதே பஞ்சு. எனக்குத் தெரிந்து தோல் மருத்துவத்தில் இவ்வளவு மலிவான அற்புதம் வேறு இல்லை. ஸ்பிரிட்டுக்கும் போகாத, வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்சுலின் சங்கதி. அப்போது டாக்டர் கழுத்தை விட்டுவிட்டு எடையையும் சர்க்கரையையும் பற்றிப் பேசுவார். கோபப்பட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அரிக்காததையும் வலிக்காததையும் யாரிடமும் காட்டவே கூடாது. மதுரைக்கு உலக மருத்துவ நூல்களில் இடம் கிடைத்ததே இப்படித்தான். 1842-இல் அங்கே ஜான் கில் என்ற மருத்துவர் குறித்து வைத்த, வீங்கிப் புழை விட்டுக் குருணை கொட்டும் பாதங்களுக்கு 'மதுரா ஃபுட்' என்றே பெயர். வெறுங்காலோடு நடந்து முள் குத்தியதில் தொடங்கும். வலி பெரிதாக இராது. வருஷக்கணக்கில் தள்ளிப் போடலாம். அதற்குள் எலும்பு வரை போய்விடும். வெளிறிய தேமல் மாதிரி ஒரு திட்டு, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றாலும் இதே விதி. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தொட்ட இடத்தைச் சொல்ல முடியவில்லை. அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகிவிடும். இவ்வளவு சுலபமாகக் குணமாகிற ஒன்றை விரல் மடங்கும் வரை விட்டு வைப்பதற்குத் தனிப் பிடிவாதம் வேண்டும். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற பயம் அதைக் கொடுத்துவிடும்.

ஒருவேளை எல்லாத் தடையையும் மீறி டாக்டர் படையைக் கண்டுபிடித்து, வாரக்கணக்கில் மாத்திரை எழுதி, "வீட்டில் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, துண்டைத் தனித்தனியா வெச்சுக்கோங்க" என்றால், தலையாட்டிவிட்டு வாருங்கள். அரிப்பு நின்ற அன்றே மாத்திரையை நிறுத்துங்கள். பழைய டியூபில் மிச்சம் இருக்கிறதே, அதைத் தூக்கி எறியாதீர்கள். அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கினால் இன்னும் பத்து நாளைக்கு வரும். மச்சான் நேற்றுத்தான் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார்.