தலைவர் நீங்கதாம்மா!

கல்வி உரிமைச் சட்டம் 2009, 21-ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் தலைவர் பதவியும் பெற்றோருக்கே. தலைமையாசிரியர் வெறும் கூட்டுநர்தான். ஏட்டில் மக்களாட்சி இதைவிட மணக்காது.

கூட்டம் பல ஊர்களில் வேறு மாதிரி. நூறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த தலைவரம்மா, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில். நாற்காலியில் கூட்டுநர். தீர்மான நோட்டு முன்பே நிரம்பியிருக்கும்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“என்னங்க சார் எழுதியிருக்கு?”

“எல்லாம் நல்லதுதாம்மா.”

டீ, மிக்சர். பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுந்த தாய்க்கு, “அடுத்த கூட்டத்துல பேசலாம்மா.”

அரசு உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் கையெழுத்துத் தொல்லையும் குறைவு: 2012 திருத்தத்தின்படி, அங்கே குழுவின் வேலை ஆலோசனை சொல்வது மட்டுமே.