எங்களையும் வெளிநாடாகக் கருதக் கோரும் மனு

பெறுநர்: வெளியுறவு அமைச்சகம், புது டெல்லி.
பொருள்: தஞ்சை மாவட்டத்துக்கு வான்வழியாகத் தார்ப்பாய் போடக் கோருதல்.
பார்வை: 4.6.1987 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் தாங்கள் போட்ட ‘பூமாலை’.

ஐயா,

உள்நாட்டு இலாகா எதற்கும் எழுதாமல் தங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அக்கரையில் பசி என்றால் தங்களுக்கு வரும் வேகம் ஊரறிந்தது. வடமராட்சியில் சண்டை மூண்டபோது ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகளில் சாமான் ஏற்றி அனுப்பினீர்கள். இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32 விமானங்கள், காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள், உள்ளே பத்திரிகைக்காரர்கள். ‘பூமாலை’ என்று பெயர் வைத்துப் போட்டது சுமார் 25 டன் சாமான். எங்கள் கணக்கில் 40 கிலோ சிப்பமாக 625. கொள்முதல் நிலையத்தில் ஒரு பகல் வேலை. இத்தனை பந்தோபஸ்தோடு மூட்டை போன சரித்திரம் ராஜராஜன் காலத்திலும் கிடையாது.

இங்கே நிலவரம் வேறு. குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்தால், நிலையத்து வாசலில் மூடத் தார்ப்பாய் இல்லாமல் கொட்டிய நெல் அங்கேயே முளைத்துவிடும். குவியலுக்குள் கைவிட்டால் வெதுவெதுவென்று சுடும். அள்ளினால் வெள்ளை வேர் பின்னி, நெல் அடை அடையாகக் கையோடு வரும். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்க விதியில்லை. மாநில அரசு 22 வரை தளர்த்தக் கேட்கும். டெல்லியிலிருந்து குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வுக்கு அனுப்பும். பதில் வருவதற்குள் அந்த நெல்லைப் பறித்து நடவே நட்டுவிடலாம்.

2022 மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலில் 9,000 டன் அரிசி இலங்கைக்குப் போனது. பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் அதை அனுப்பத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுத் தங்கள் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. 1987-இல் அடுத்த நாட்டு வானத்துக்குள் நுழையத் தாங்கள் யார் சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை.

எங்கள் வானத்தில் இறையாண்மைத் தகராறு ஏதும் இல்லை. பெங்களூரிலிருந்து வரவும் வேண்டாம். 2020 முதல் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலேயே பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 அணி நிற்கிறது. அதில் தார்ப்பாய் கட்ட இடம் இருக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்களுக்கு டிகிரி காப்பி எங்கள் பொறுப்பு.

ஒரு நிபந்தனை மட்டும். 1987 ஜூனில் பொட்டலம் விழுந்த யாழ்ப்பாணத்தில் அதே ஆண்டு அக்டோபரில் தங்கள் அமைதிப்படை சண்டையிட்டது; ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்து சுட்டது. எங்களுக்குத் தார்ப்பாய் போதும். தொடர் உதவி ஏதும் வேண்டாம்.

இப்படிக்கு,
குறுவை சாகுபடியாளன்,
தஞ்சை மாவட்டம் (உள்நாடு).