எதற்குப் போகிறாய் என்று கேட்காத ஆணையருக்கு

அனுப்புநர்: ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காத ஒருத்தி, பேரணாம்பட்டு.

பெறுநர்: இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர், புது தில்லி.

பொருள்: தினசரிப் பயணத்துக்கும் காரணம் கேட்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2021-இல் வர வேண்டிய கணக்கெடுப்பு 2027-இல் வரப்போவதாக அறிந்து மகிழ்ந்தேன். கம்பெனி பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் டிரைவரண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற நாங்கள், ஆறு வருஷத் தாமதத்துக்கு உங்களை ஒரு வார்த்தை சொன்னோமா? அந்தப் பொறுமைக்குக் கூலியாக இந்த மனுவைப் படித்துவிடுங்கள்.

2011-இல் உங்கள் ஆள் வந்தபோது, வேலை செய்யுமிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார். நடையா, சைக்கிளா, மொபெட்டா, ஆட்டோவா, பஸ்ஸா, ரயிலா என்று வரிசையாக வந்து, நீர்வழிப் போக்குவரத்து என்றும் ஒன்று வந்தது. பாலாற்றில் மணல் லாரி போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஐயா நாங்கள். 2021 நவம்பரில்தான் ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. சொன்ன வருஷத்தில், அந்த மாதமாகப் பார்த்து நீங்கள் வந்திருந்தால், எங்கள் பக்கமிருந்தும் அந்தக் கட்டத்தில் நாலு டிக் விழுந்திருக்கும்.

தூரம் கேட்டீர்கள், வண்டி கேட்டீர்கள். எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர்களிடம் மட்டும் காரணம் கேட்கிறீர்கள்: வேலை, வியாபாரம், படிப்பு, கல்யாணம் என்று பட்டியலே வைத்திருக்கிறீர்கள். ஆயுளில் ஒருமுறை தாலி கட்டிக்கொண்டு பேரணாம்பட்டுக்கு வந்ததற்கு என்னிடம் காரணம் வாங்கியாயிற்று. விடிந்தும் விடியாமலும் அங்கிருந்து தினம் ஆம்பூருக்குப் போவதற்கு வேண்டாமாம். (நடுவில் 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. வீடும் நகரவில்லை, கம்பெனியும் நகரவில்லை. நான் மட்டும் வெளிமாவட்டப் பயணி ஆகிவிட்டேன். இதற்கு உங்கள் பட்டியலில் காரணம் உண்டா?)

வேலைக்குப் போகிறவள் வேலைக்குத்தானே போவாள் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் எந்த ஷூ கம்பெனியில் சேர்வது என்பதைச் சம்பளம் முடிவு செய்வதில்லை, பஸ் முடிவு செய்கிறது. எந்தக் கம்பெனி வண்டி தெருமுனையில் நிற்கிறதோ, அந்தக் கம்பெனிக்குத்தான் மாமியார் சம்மதம். கூடக் கொடுக்கிற கம்பெனியின் வண்டி அரை கிலோமீட்டர் தள்ளி ரோட்டில் நின்றால், "வேணாம்மா, வர்றப்ப இருட்டிடும்." பேச்சு முடிந்தது.

அப்படி ஏறுகிற பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதையாவது கேளுங்கள். வீட்டில் நான் மருமகள். கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட். நடுவில் யாரும் "ஏய்" என்று கூப்பிடாத நேரம் இந்தப் பஸ்ஸில்தான். போகும்போது ஒருத்தி முழம் பூவைக் கிள்ளி நாலு பேருக்குப் பங்கு வைப்பாள். சீட்டுப் பணம் கைமாறும். யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள் என்பது ஆம்பூர் வருவதற்குள் தெரிந்துவிடும். திரும்பும்போது பேச்சு குறைந்துவிடும். பசை தடவும் பேஸ்டிங்கில் நிற்கிற பெண்கள் விரல் நுனியில் காய்ந்த சொல்யூஷனைத் தோல் தோலாக உரித்துக்கொண்டே வருவார்கள். ஸ்டாப் வருவதற்குள் கை சுத்தமாகிவிடும். இல்லாவிட்டால் அந்த நாற்றத்துக்கும் வீட்டில் ஒரு பேச்சு வாங்க வேண்டும்.

வீட்டுத் தொழில் என்று நீங்கள் எழுதிக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தூரக் கேள்வியே கிடையாது. வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைக்கிற பக்கத்து வீட்டு அக்கா, ஏஜென்ட் வீட்டுக்கு மூட்டையை இடுப்பில் வைத்து நடக்கிறாள், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து அடுத்ததைத் தூக்கி வருகிறாள். உங்கள் கணக்கில் அவள் எங்கும் போகாதவள். நல்லது.

அடுத்து ஃப்ரீ பஸ். 2021 மே மாதம் வெள்ளை போர்டு போட்ட சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. பிறகு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபாய் மிச்சம் என்று அரசு சொல்கிறது. மிச்சத்தைக் கணக்கிட்டவர்கள், போனவள் எதற்குப் போனாள் என்பதைத் தெருமுனை ஆண்களுக்கு விட்டுவிட்டார்கள். "வேலை வெட்டி இல்லாம பஸ்ஸுல சுத்துதுங்க" என்கிறார்கள் அவர்கள். 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் "ஓசி" என்றார். வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறோம் என்று சொல்கிற எங்கள் ஊர் அண்ணன், ஒரு டீ குடிக்க பைக்கை உதைத்து பைபாஸ் வரைக்கும் போவார். பெட்ரோல் விற்கிற விலையில் அந்த டீயின் அடக்கவிலை என்ன என்று எந்தக் கணக்கெடுப்பும் அவரைக் கேட்டதில்லை. ஆம்பிளை வெளியே போனால் வேலையாகத்தான் போயிருப்பார்.

ஆகவே ஐயா, அடுத்த படிவத்தில் தினசரிப் பயணத்துக்கும் காரணக் கட்டங்கள் வையுங்கள். மாதிரிக்குச் சில தருகிறேன்: கடன் கட்ட, கடன் கேட்க, தங்கச்சி முகம் பார்க்க, மாமியார் முகம் பார்க்காமலிருக்க, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்குச் சோறு கொண்டுபோக, உட்கார்ந்து தூங்க. 'மற்றவை' கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

கணக்கெடுக்க வருகிறவருக்கும் ஒரு குறிப்பு. வேலை நாளில் பகலில் வந்தால் வீட்டில் மாமியார்தான் இருப்பார். எவ்வளவு தூரம் என்று கேட்டால், "வண்டி வரும், ஏறிப் போவா" என்பார்; அதைக் கிலோமீட்டராக மாற்றுவது உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் நான் இருக்கமாட்டேன். வெள்ளை போர்டு பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். எதற்கு என்று மாமியாரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்கிற காரணம் உங்கள் கட்டத்துக்குள் அடங்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
2011 கணக்கின்படி 'பஸ்'