மாத்து மாப்ளே, மாத்து!

லாரியைக் கேஸுக்கு மாத்தப் போறியாமா? நெம்ப சந்தோசம். நாமக்கல்லைச் சுத்தி இத்தனை லாரி ஆபீஸ் இருக்குது, இத்தனை பாடி கட்டற பட்டறை இருக்குது, ஒருத்தனுக்கும் தோணாதது உனக்குத் தோணியிருக்குது பாரு. எங்கக்கா வகுத்துல பொறந்த புத்தி, சும்மா போகுமா?

உன்னைக் குத்தம் சொல்லலை. டீசல் 90 ரூபாயைத் தாண்டி வருசக்கணக்காச்சு. 2014-ல சர்க்கார் கையைக் கழுவிக்கிச்சு, 2017 ஜூன்ல இருந்து தினப்படி விலைன்னாங்க. ஏறும்போது தினப்படி ஏறுச்சு, இறங்கும்போது தேர்தலைப் பார்த்து இறங்குச்சு. லோடு வாடகை மட்டும் கூச்சப்பட்டுட்டு அதே எடத்துல உக்காந்திருக்குது. இந்த நேரத்துல போன்ல ஒருத்தன் வந்து, பழைய வண்டியைப் புரோபேன் கேஸ்ல ஓட்டலாம்னு காட்டினா ஆருக்குத்தான் ஆசை வராது?

வீடியோல நீ பார்த்தது அமெரிக்காக்காரன் பிக்கப். அந்த நாட்டுல 1973-லயும் 1979-லயும் எண்ணெய் நெருக்கடி வந்தப்போ, காட்டுக்காரங்க நெறையப் பேரு பழைய போர்டு, செவர்லே வண்டிகளைப் புரோபேனுக்கு மாத்தினாங்க. குளிருக்கு ஊட்டைச் சூடு பண்ணவும், மக்காச்சோளம் காய வைக்கவும் தோட்டத்துலயே பெரிய டேங்க் நிறையப் புரோபேன் வெச்சிருக்கற சனம் அது. வண்டிக்கும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. வீடியோக்காரன் ஒரு சின்ன விசயத்தை மட்டும் சொல்லாம உட்டுட்டான். அதெல்லாம் பெட்ரோல் வண்டி. அதுல பிளக் இருக்குது. கார்புரேட்டர் மேல ஒரு மிக்ஸர், ரேடியேட்டர் சுடுதண்ணில சூடாகற ஒரு வேப்பரைசர், பின்னால ஒரு டேங்க், வேலை முடிஞ்சுது.

உன்ற டாட்டா 407 லாரில பிளக்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்கறே? எனக்குக் காட்டு, பார்க்கோணும்.

டீசல் எஞ்சின் காத்தை 17, 18 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டுலயே டீசலைப் பத்த வைக்குது. புரோபேன் அப்படிச் சொன்ன நேரத்துக்குப் பத்தாது. அதோட ஆக்டேன் 100-க்கு மேல. பொறி வெச்சாத்தான் ஒழுங்கா எரியும். பிளக் இல்லாத எஞ்சினுக்கு வெறுங்கேஸைக் குடுத்து ஓடுங்கறது, நம்ம பண்ணைச் சேவல்கிட்ட முட்டை கேக்கற கதை. உங்க தாத்தன் காலத்துல பார்கோ, பெட்போர்டுன்னு பெட்ரோல் லாரி ஓடுச்சு. அப்ப இந்த யோசனை வந்திருந்தா நானே வந்து ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருப்பேன். நீதான் கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டே.

முடியவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஹெட்டைக் கழட்டி இன்ஜெக்டர் ஓட்டையில பிளக் ஏத்தோணும். பிஸ்டன் மண்டையைக் கடைஞ்சு அழுத்தத்தைக் கொறைக்கோணும். டீசல் பம்பைத் தூக்கிப் போட்டுட்டு இக்னிஷன் வைக்கோணும். எல்லாம் முடிஞ்சா பழைய வண்டில மிச்சம் இருக்கறது டாட்டா எம்பளமும், பின்னால எழுதின குலதெய்வத்துப் பேரும்தான். செய்யறதுக்கு ஆளா இல்ல? லேத் பட்டறைக்காரரும் மகள் கல்யாணச் செலவுக்குக் காசு சேர்த்துட்டிருக்கறாரு. உன்னாட்ட நல்ல மனசுக்காரன் உதவலைன்னா வேற ஆரு உதவுவா?

அதுக்குள்ள இன்னொரு மெக்கானிக் வந்து காதுல ஓதுவான்: எஞ்சினைத் தொட வேண்டாம், ஏர் கிளீனர் வழியாக் கேஸைச் சித்தெ உட்டாப் போதும், டீசல் மிச்சமாகும்னு. அவன் சொல்றதும் பொய்யில்ல. டீசல் கொஞ்சம் பத்தி, அந்தத் தீயில கேஸும் எரியும். வெளிநாட்டுல அளந்து குடுக்கற கருவி வெச்சுப் பண்றாங்க. இவன்கிட்ட அளவுங்கறது அவன் கை திருகற திருகுதான். லோடோட மேடேறுறப்போ எஞ்சின் டொக்கு டொக்குனு அடிக்கும். அது உன்ற சாமர்த்தியத்துக்குக் கைதட்டுதுன்னு நெனச்சுக்கோ. பிஸ்டன் ஓட்டையாகற வரைக்கும் தட்டிட்டே வரும்.

நாமக்கல் பைபாஸ்ல நின்னு சித்தெ ரோட்டைப் பாரு. கேஸ் ஏத்திட்டுப் போற புல்லட் டேங்கர்க நம்ம ஆளுங்களுது எத்தனை இருக்குது! அவங்க சங்கமே இங்கதான் இருக்குது. ஒரு வண்டி முதுகுல 18 டன் கேஸ். மங்களூர்ல ரொப்பிட்டு வருவாங்க, கொச்சில ரொப்பிட்டு வருவாங்க. வழியில எதுக்கு வண்டியை ஓரங்கட்டறாங்க? டீசல் புடிக்க. 18 டன் கேஸைச் சுமந்துட்டு, டீசல் பங்க் வரிசைல நிக்கறாங்க பாரு, அவங்களைக் கூப்பிட்டு உன்ற யோசனையைச் சொல்லு. பாவம், வெவரம் தெரியாத சனம்.

கணக்கைப் பார்த்தயா? லிட்டருக்குக் கேஸ் மலிவுன்னு பலகையைப் பார்த்துட்டு வந்துட்டே. ஒரு லிட்டர் டீசல்ல இருக்கற சூட்டுல முக்கால்வாசி கூட ஒரு லிட்டர் கேஸ்ல இல்ல. 10 லிட்டர் டீசல் பண்ற வேலைக்குச் சூட்டுக் கணக்குலயே 14 லிட்டர் கேஸ் வேணும். அதோட டீசல் எஞ்சினோட சிக்கனத்தையும் நீ ஹெட்டோட சேர்த்துக் கழட்டிட்டே. 16, 17 குடிச்சாலும் ஆச்சரியப்படாதே. அப்பறம் கேஸைப் புடிக்க எடம் வேணும். ஆட்டோ கேஸ் பங்க் பெரிய டவுன்ல ஒண்ணு ரெண்டு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆந்திரா பார்டர்ல ஆரு கதவைத் தட்டுவே?

ஊட்டு சிலிண்டர் இருக்குதேன்னு உன்ற கண்ணு சமையக்கட்டுப் பக்கம் போறது எனக்குத் தெரியுது. 14.2 கிலோ, சில ஊட்டுக்கு மானியமும் வருது, தலைகீழாக் கவுத்தாப் போச்சு. இதுல மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன், கேட்டுக்கோ. சமையல் சிலிண்டர் நிக்க வெச்சு ஆவி எடுக்கறதுக்குச் செஞ்சது, குலுக்கிட்டுப் போறதுக்கு இல்ல. வேகமா உறிஞ்சினா வேர்த்துப் பனி கட்டும். அதனாலதான் கல்யாண வீட்டுச் சமையக்காரர் அது மேல சுடுதண்ணி ஊத்தறாரு. கசிஞ்சா கேஸ் மேல போகாது, காத்தைவிடக் கனம். வண்டி அடியில, சாக்கடையில, சர்வீஸ் குழியில போய்ப் படுத்திருக்கும், ஒரு பீடிக்குக் காத்துட்டு. இப்படி ஓடின பழைய வேனுகள்ல எரிஞ்சது எத்தனை! அத்தியாவசியப் பொருள் சட்டத்துல கேஸும் வரும். அந்தக் கேஸுக்கு மானியம் கிடையாது.

சட்டம்னா கூசாதே, நல்லதாவும் இருக்குது. 2000-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2001-ல வண்டிக் கேஸுக்குன்னு தனி ஆணை போட்டாங்க. அதுக்கப்பறம்தான் ஆட்டோக்கள் தலை நிமிந்து கேஸ்ல ஓடுச்சு. 2022-ல இன்னொரு விதி வந்துச்சு: பி.எஸ். 6 வண்டி, 3.5 டன்னுக்குக் கீழன்னா டீசல் எஞ்சினை எடுத்துட்டுக் கேஸ் எஞ்சினே வெச்சுக்கலாம்னு. உன்ற லாரி வயசுலயும் அதுல சேராது, எடையிலயும் சேராது. 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.ல பதியாம மாத்தினா எப்.சி.க்குப் போற அன்னிக்கு இன்ஸ்பெக்டர் உன்னை உக்கார வெச்சுக் காப்பி குடுத்தா அனுப்புவாரு?

இந்தக் கேஸ் என்னமோ நம்ம கிணத்துல ஊறறதாட்ட பேசறே. நாடு எரிக்கறதுல பாதிக்கு மேல கப்பல்ல வருது. மாசாமாசம் சவுதி அராம்கோ இந்தக் கேஸ்ல கலந்திருக்கற புரோபேனுக்கும் பூட்டேனுக்கும் ஒரு விலை சொல்லுவான், அதைப் பார்த்துத்தான் இங்க தராசு ஏறும் எறங்கும். ஹோர்முஸ் நீரிணைல சண்டைன்னா டீசலும் துள்ளும், கேஸும் கூடவே துள்ளும். நீ டீசலைத் தலைமுழுகிட்டு ஓடிப் போய் நிக்கற எடத்துல அதே மொதலாளிதான் கல்லாவுல உக்காந்திருக்கறான்.

எங்கப்பாரு சொல்லுவாரு, இரண்டாம் உலகப்போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்து பஸ்ஸுக்குப் பின்னால கரி அடுப்பு மாட்டினாங்களாம். க்ளீனர் ஊதுதுருத்தியைச் சுத்திச் சுத்திக் கரிமூஞ்சியா வருவானாம், மேடு வந்தா டிக்கெட் வாங்கின சனம் எறங்கித் தள்ளோணுமாம். சண்டை முடிஞ்சதும் மொத வேலையா அந்த அடுப்பைக் கழட்டிப் போட்டாங்க. அந்தக் காலத்துல வேற வழி இல்லாம ஓட்டினாங்க. உனக்கு வழி இருக்குது. டயர்ல காத்து பாரு, நாசில் டெஸ்ட் பண்ணு, அடைச்ச பில்டரை மாத்து, ரிட்டன்ல காலியா வராதே. இதையெல்லாம் சொன்னா உனக்குத் தூக்கம் வரும், வீடியோல ஓடாது.

மாத்தியே தீரோணும்னா உன்ற ஊட்டு ஆம்னியை மாத்து. அது பெட்ரோல், பிளக் இருக்குது, முட்டை ட்ரேயை ஏத்திட்டுத் தினமும் கடை கடையாச் சுத்துது. நாக்பூர் வெடிபொருள் ஆபீஸ் ஒத்துக்கிட்ட டேங்க், அங்கீகாரம் இருக்கற பட்டறை, ஆர்.சி.ல பதிவு, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா டேங்க் சோதனை. நூத்துக்கு 80-க்கு மேல ரொப்பக் கூடாது, வெயில்ல விரியறதுக்கு எடம் வேணும். பழைய எஞ்சின்னா வால்வு சீட்டு தேயும், அதையும் பார்த்துக்கோ. பெட்ரோலைவிட லிட்டர் கணக்குல அஞ்சுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு கூடக் குடிச்சாலும் விலை வித்தியாசத்துல கையில காசு நிக்கும்.

ஒண்ணே ஒண்ணு. ஆம்னி ஆர்.சி. உன்ற ஊட்டு அம்மிணி பேர்ல இருக்குது, முட்டைக் கணக்கும் அவகிட்டத்தான் இருக்குது. மிச்சமாகற காசு நேரா அந்த நோட்டுக்குத்தான் போகும், உன்ற கைக்கு வராது. சம்மதம்னா சொல்லு, காலைல சேலம் போய்ப் பட்டறையைப் பார்த்துட்டு வரலாம். லாரியை எடுக்காதே, பஸ்ல போலாம். டிக்கெட் நீ எடு.