இரண்டாயிரம் மணி நேரத்தின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்:
தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் லேமினேஷன் செய்து பீரோவில் பத்திரப்படுத்தப்பட்டுள்ள மருத்துவ உதவியாளர் சான்றிதழ்களின் சார்பில்.

பெறுநர்:
தேசிய இணைமருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையம், புது தில்லி.

பொருள்: மருத்துவ உதவியாளர் சான்றிதழ்ப் படிப்பு – செலவும் பயனும் – பயனாளிகள் பட்டியலில் படித்தவரையும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2021-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் மத்தியச் சட்டம்.

மாண்புமிகு ஆணையத்தினருக்கு,

நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணை நிற்கும் பணியாளர்களை ஒரு பதிவேட்டின் கீழ்க் கொண்டுவருவதற்காக இயற்றப்பட்டு, 2021 மார்ச் 28 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மேற்படிச் சட்டம், ஒருவரை இணைமருத்துவத் தொழிலர் என்று ஏற்பதற்கு அவர் பெற்ற பட்டயமோ பட்டமோ இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சியாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அதே சட்டம், மாநில மன்றங்களை அமைக்க மாநில அரசுகளுக்கு ஆறு மாத அவகாசம் அளித்தது. அந்த ஆறு மாதம் மூன்று ஆண்டுகளைக் கடந்தும் முடியாமல் போகவே, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட நேர்ந்தது. பல மாநில அரசுகளால் தமக்குரிய ஒரு மன்றத்தைக்கூட அமைக்க இயலாத அதே ஆறு மாதத்தில், தியாகராய நகர் உஸ்மான் சாலையின் மாடிப்படி ஏறிச் செல்லும் பயிற்சி நிறுவனங்கள் ஒரு முழு மருத்துவ உதவியாளரையே உருவாக்கி, கோட்டும் அணிவித்து வெளியே அனுப்பிவிடுகின்றன என்பதை ஆணையம் பெருமிதத்தோடு கவனத்தில் கொள்ள வேண்டுகிறது இவ்விண்ணப்பம்.

இவ்விரைவின் கணக்கு எளியது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 26 வாரம் என்று ஒரு வகுப்பு நடப்பதாகக் கொண்டால், ஒரு நாள்கூட விடுமுறை விடாத நிலையிலும் 390 மணி நேரமே தேறும். சட்டம் கேட்கும் 2,000-க்கும் இதற்கும் இடையில் விழும் 1,610 மணி நேரத்தை எந்த நிறுவனமும் மறைப்பதில்லை. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை, ஆகவே சொல்வதுமில்லை. பலகையில் இருப்பவை வேறு: ‘பத்தாம் வகுப்பு பாஸ்/ஃபெயில் இருவரும் சேரலாம்’ என்ற தாராளம், ‘100% ஜாப் கேரண்டி’ என்ற உறுதி, ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற மூன்று சொற்கள். எந்த அரசு, எதை, எதற்காக அங்கீகரித்தது என்பது சொல்லப்படுவதில்லை. ஒரு அறக்கட்டளையைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததும் ஒரு படிப்பை மருத்துவத் துறை ஏற்றதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு, கட்டணத்தின் முதல் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு எட்டுவதில்லை. வாசலில் கேரண்டியாக இருந்த வேலை, ரசீதின் பின்புறத்துக்கு வந்து சேரும்போது ‘ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ ஆகிவிடும் அதிசயம் தனி ஆய்வுக்குரியது.

படிப்பின் விலை ரசீதில் உள்ள தொகை மட்டுமன்று. பொருளியலார் வாய்ப்புச் செலவு என்று குறிப்பிடுவது, அதாவது ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட மற்றொன்றின் வருமானம், இதனோடு சேர வேண்டும். அதே தெருவின் துணிக்கடையில் அதே பெண் அதே ஆறு மாதம் நின்றிருந்தால் மாதச் சம்பளமும், பல கடைகளில் சாப்பாடும் தங்குமிடமும் கிடைத்திருக்கும். உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தையே திருத்திவிட்டதால், நின்றிருக்கவும் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுக்காகக் கட்டணம் 40,000 ரூபாய் என்றும், சான்றிதழ் இல்லாத உதவியாளரைக் காட்டிலும் அது உள்ளவருக்கு மாதம் 1,000 ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொண்டால், கட்டணம் மட்டும் திரும்பிவர 40 மாதம் ஆகும். கைவிட்ட சம்பளத்தையும் கூட்டினால் அக்கணக்கு திருமணம், பேறுகாலம், வேலையிடை நிறுத்தம் ஆகியவற்றைத் தாண்டி எங்கோ போய் நிற்கிறது. கூடுதலே இல்லை என்றால் கணக்குப் போடும் சிரமமும் இல்லை.

பணி எளியது, பயிற்சி தேவையில்லை என்று இதனால் ஆணையம் முடிவு கட்டிவிடலாகாது. மயிலாப்பூர் லஸ் முனையை அடுத்த ஒரு தெருவில் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும் கன்சல்டிங் அறையில், டோக்கன் கொடுப்பவரும், எடை பார்ப்பவரும், ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றுபவரும், ஃபைலைத் தேடி எடுப்பவரும், ஃபீஸ் வாங்கிச் சில்லறை தருபவரும், டாக்டருக்குக் காபி சொல்லி அனுப்புபவரும் ஒருவரே. அவரே ஈசிஜியும் எடுக்கிறார். மார்பில் ஒட்டும் ஆறு லீடுகளில் முதலிரண்டும் நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காம் விலா இடைவெளியில் அமைய வேண்டும். விரலால் விலாவை எண்ணிப் பார்க்காமல், கண்ணால் மதிப்பிட்டு ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிட்டால், இல்லாத கோளாறு காகிதத்தில் தோன்றவும், மாரடைப்பைப் போன்ற கோடு விழவும் கூடும். புடவைத் தலைப்பை விலக்கத் தயங்கும் மயிலாப்பூர் மாமியிடம், வெளியே இருபது டோக்கன் காத்திருக்கையில், அந்த விலாவை எண்ணும் திறன் 390 மணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்புவதற்கு ஆணையத்துக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டம் அதை நம்பவில்லை.

இவ்வூழியரை நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்கிறார்கள், சான்றிதழ் ‘மெடிக்கல் அசிஸ்டன்ட்’ என்கிறது, சம்பளப் பதிவேடு ‘ஹெல்ப்பர்’ என்கிறது. முதல் பெயர் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு பெற்றவர்களுக்கு உரியது. அம்மன்றத்தின் அலுவலகம் மயிலாப்பூரில், சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. கிளினிக்கிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம் என்றாலும், பதிவேட்டுக்குள் நுழையும் வழி அந்தத் தெருவில் இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. அதன் அறிவிக்கைகள் கேட்பது உரிய இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தின் சான்றிதழை. தங்க முலாம் பூசிய முத்திரையும் ஹாலோகிராமும் அங்கே எடுபடுவதில்லை. மறுபுறம், படுக்கையிலிருப்பவரைக் குளிப்பாட்டுதல், நாடித்துடிப்பும் உடல் வெப்பமும் குறித்தல் போன்ற அடிப்படைப் பணிகளை உள்ளடக்கிய ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ பயிற்சியை, 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் கட்டணமின்றியே வழங்கி வந்திருக்கிறது. காசு கேட்காத படிப்பில் மதிப்பிருக்க முடியாது என்ற நகரத்து நம்பிக்கையால் அதன் பலகை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆயினும் சான்றிதழுக்குப் பயனே இல்லை என்பது அவதூறு. அடையாற்றிலும் மந்தைவெளியிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அடுக்ககங்களில் தனித்திருக்கும் முதியோருக்கு, பன்னிரண்டு மணி நேர, இருபத்துநான்கு மணி நேர ஷிஃப்டுகளில் ஆள் அனுப்பும் ஹோம் கேர் ஏஜென்சிகள், ‘ட்ரெயின்டு அட்டெண்டர்’ என்றால் ஒரு விலையும் சாதாரண அட்டெண்டர் என்றால் ஒரு விலையும் சொல்வது வழக்கம். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொகை சான்றிதழ் உண்டாக்கிய மதிப்பு என்பதில் ஐயமில்லை. அது குடும்பத்திடமிருந்து ஏஜென்சிக்குப் போய், அங்கேயே தங்கிவிடுகிறது. நிறுவனத்துக்குக் கட்டணம், ஏஜென்சிக்குக் கூடுதல் விலை, செவிலியருக்குரிய ஊதியம் தராமலே அவரது பணியில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளும் கிளினிக்குக்கு மிச்சம் என்று, விலை கொடுத்து வாங்கியவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பயன்படும் சொத்து உலகில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

அயல்நாட்டு அனுபவமும் ஆணையத்துக்கு உதவக்கூடும். மருத்துவ உதவியாளர்களுக்கென 1956-லேயே தேசியச் சங்கம் கண்ட அமெரிக்காவில், இப்பணிக்குத் தனிப் புள்ளிவிவரமே உண்டு. 2023-ல் அதன் இடைநிலை ஆண்டு ஊதியம், அதாவது பாதிப் பேர் மேலாகவும் பாதிப் பேர் கீழாகவும் பெறும் தொகை, 42,000 டாலர் என்று அரசே வெளியிட்டது. சேருமுன் கட்டணத்தை ஊதியத்தோடு ஒப்பிட அங்கே ஓர் எண்ணாவது இருக்கிறது. இருந்தும், இப்படிப்பையும் விற்றுவந்த கொரிந்தியன் கல்லூரிகள், வேலை கிடைத்தோர் எண்ணிக்கையை மிகைப்படுத்திய குற்றச்சாட்டுகளுக்கிடையே 2015 ஏப்ரலில் இழுத்து மூடப்பட்டன. 2022 ஜூனில் அமெரிக்கக் கல்வித் துறை சுமார் 5,60,000 மாணவர்களின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இங்கே அத்தகைய இக்கட்டு நேராது. அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய கடன் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லாததால், அதை ரத்து செய்யும் தொல்லையும் எந்தத் துறைக்கும் இல்லை.

ஆகவே, ஆணையம் பெருஞ்செலவுள்ள எதையும் செய்ய வேண்டியதில்லை. ‘100%’ என்பது எந்த எழுத்தளவில் உள்ளதோ அதே அளவில், சட்டம் கோரும் 2,000 மணி நேரத்தில் இப்படிப்பு எத்தனை மணி நேரம் என்பதையும், இதனால் எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடைக்காது என்பதையும் பலகையில் எழுத நிறுவனங்கள் பணிக்கப்பட வேண்டும். வேலை பெற்றோர் என்று பேனரில் சிரிக்கும் ஒவ்வொரு முகத்தின் கீழும் அவரது முதல் மாதச் சம்பளமும், ஓராண்டு கழித்து அவர் அதே வேலையில் இருக்கிறாரா என்பதும் அச்சிடப்பட வேண்டும். இவை கூடாதெனில், வகுப்பறையில் குறைந்த 1,610 மணி நேரத்தை, ஏற்கெனவே கிளினிக்கில் விலா எண்ணிக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தேர்வு வைத்துப் பயிற்சியாகக் கணக்கிடும் வழியையாவது ஆராயலாம். அந்த மாலைகளில் பெரும்பாலும் ஊதியத்தைவிடப் பாடமே அதிகம் கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
மேற்கண்ட சான்றிதழ்களுக்காக.

இணைப்பு: சான்றிதழின் நகல் – 1. (கடைசித் தவணை நிலுவையில் இருப்பதால், இந்த ஒன்றின் அசல் மட்டும் நிறுவனத்தின் வசம் உள்ளது.)