ஆன்சர் கீ கிடைத்தது, ஐயா

அனுப்புநர்: முன்னாள் ஆக்ட் அப்ரண்டிஸ் ஒருவன், எலக்ட்ரீஷியன் பிரிவு, திருவொற்றியூர்.

பெறுநர்: ஆளெடுக்கும் மேலிடம் (எந்த மேலிடம் என்பது தங்களுக்கே தெரியும்).

பொருள்: சாவி தொடர்பாக.

ஐயா,

1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரத்தில், லோகோ ஷெட்டில் அப்ரண்டிஸ் முடித்தவன் நான். அங்கே முதலில் கற்றது மின்சாரம் அல்ல, சாவி.

டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினில் ஹை டென்ஷன் அறையை நினைத்த நேரத்தில் திறந்துவிட முடியாது. மேலே கம்பியைத் தொடும் பேன்டோவுக்குப் போகும் காற்றை அடைத்தால்தான் ஒரு சாவி கையில் வரும். அதைக் கொண்டுபோய் எர்த்திங் பெட்டியில் போட்டு எர்த் செய்தால்தான் அடுத்த சாவி விடுபடும். அந்தச் சாவிக்குத்தான் அறை திறக்கும். தலைக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். “சாவி உன் பாக்கெட்ல கீற வரைக்கும்தான்டா நீ உசுரோட கீற” என்பார் சீனியர் அண்ணன். திருப்பிய சாவி அடுத்த சாவியைக் கொடுத்தே தீரும். அந்த இன்ஜினிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

தங்கள் அலுவலகமும் இதே மாடல் என்று நம்பிவிட்டேன். ஐடிஐ சாவியைத் திருப்பினேன், ஷெட் கிடைத்தது. ஷெட்டைத் திருப்பினேன், அகில இந்தியத் தொழில் தேர்வு. அதையும் திருப்பினேன், தேசியச் சான்றிதழ். அதற்கு மேல் திருப்பினால் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பயிற்சி கொடுத்தவர் வேலை கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல என்றது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம். 2014-ல் திருத்தினார்கள்: அவரவர் கொள்கையை அவரவர் வகுத்துக்கொள்ளலாம். தாங்களும் வகுத்தீர்கள். 20 சதவீத இடம், அதுவும் கடைசிப் படியான லெவல் 1-ல், அதற்கும் தேர்வு எழுதிவிட்டுத்தான். இன்ஜினின் ஆறு மோட்டாருக்கும் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கத் தெரிந்தவனைத் தண்டவாளப் பராமரிப்புக்கு அனுப்பினாலும் அனுப்புவீர்கள். அதற்கும் தயார்தான், கூப்பிட்டால்.

தேர்வில் ஒரு ரயில் ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று கேட்கிறீர்கள். எனக்குக் கணக்கே ஓடவில்லை. இன்ஜினில் ஒரு போகியின் கன்வெர்ட்டர் படுத்துவிட்டால் மூன்று மோட்டார் போச்சு, மீதி மூன்றை வைத்துத்தான் வண்டி இழுக்க வேண்டும். கேள்வியில் அந்த விவரம் இல்லையே என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பக்கத்து சீட் தம்பி, இன்ஜினைக் கண்ணால் பார்க்காதவன், ஒன்பது விநாடி என்று டிக் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

2025 மார்ச் 19-ஐயும் மறக்க முடியாது. உதவி லோகோ பைலட் இரண்டாம் கட்டத் தேர்வு, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு மையம் தெலங்கானாவில். ராத்திரியெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போய் இறங்கியவர்களிடம் தொழில்நுட்பக் கோளாறு, தேர்வு தள்ளிவைப்பு என்றார்கள். கோளாறு எந்த சர்க்யூட்டில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டெஸ்டரோடு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவனாவது அந்தக் கூட்டத்தில் கிடைத்திருப்பான்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தங்கள் நடைமுறையை ஒரே ஒரு இன்ஜினில் பொருத்திப் பாருங்கள். காற்றை அடைத்ததும் சாவி வரக் கூடாது, அறிவிக்கை வர வேண்டும். எர்த்திங் பெட்டி, மதிப்பெண் நார்மலைசேஷன் முடியட்டும் என்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு சாவி வரும், அது ஆன்சர் கீ. எனக்குத் தாங்கள் இதுவரை கொடுத்த ஒரே சாவியும் அதுதான்.

இப்போது காசிமேட்டில் ஐஸ் கம்பெனி மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டுகிறேன். உப்புக் காற்றில் டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், சுரண்டிச் சுரண்டி விரல் நுனியும் பச்சை. அறிவிக்கை வந்தால் கழுவிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள அப்ரண்டிஸ்

இணைப்பு: சான்றிதழ் ஒன்று. அசலை அம்மா லாமினேட் செய்துவிட்டார். மெக்கர் போட்டுப் பார்த்தேன், இன்சுலேஷனில் குறையே இல்லை. எதையும் கடத்த மாட்டேன் என்கிறது.