ராசியைப் பார்க்காதீங்க, ஜாப் கார்டைப் பாருங்க

பிளவக்கல் அடிவாரத்திலிருந்து ராஜபாளையம் வரை, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புது வண்டி பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கார் வாங்கி நாலு மாசம். ஓடும்போதே அஞ்சு தடவை அணைந்து நின்றுவிட்டது. ஒரு தடவை அணை ரோட்டில், குடும்பத்தோடு, இருட்டிய பிறகு. "ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார் மாமனார். தள்ளிவிடவா?
– தென்னந்தோப்புக்காரர், பிளவக்கல்

தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு, பழுது வாங்குகிறவருக்கு, நிம்மதி தயாரித்தவருக்கு. மாமனாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: ஓடுகிற எஞ்சின் அணைவதற்கு எரிபொருள் பம்ப், கிராங்க் சென்சார், ஒயரிங் கனெக்டர், கம்ப்யூட்டரின் மென்பொருள் என்று பத்துக் காரணம் இருக்கலாம், ராசி அந்தப் பட்டியலில் இல்லை. 'ராசி' என்று நாம் சொன்ன உடனே பழுதுக்குப் பொறுப்பாளி இல்லாமல் போய்விடுகிறார். எனக்கு இதில்தான் கோபம்.

உங்களிடம் ஒரு கேள்வி. அஞ்சு தடவை நின்றதே, எத்தனை தடவைக்கு சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் கார்டு கையில் இருக்கிறது? "ஓடும்போது எஞ்சின் அணைகிறது" என்று நீங்கள் சொல்வீர்கள். சர்வீஸ் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவார். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், எந்த இடத்தில், எந்த வேகத்தில் நின்றது என்பது உங்கள் வார்த்தையிலேயே கார்டில் ஏற வேண்டும். என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று திரும்பும்போது எழுதி வாங்குங்கள். நின்ற இடத்தில் மீட்டர் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. விற்ற டீலருக்கு ஒன்று, தயாரித்த கம்பெனிக்கு ஒன்று. ஒருவருக்கு அனுப்பினால் இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்த மாதிரி என்று நினைக்க வேண்டாம். கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டி, ஏற்கெனவே ஓடிய 2009 மாடலை டீலரிடம் வாங்கிய வழக்கில், டீலரின் அந்தத் தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஒரு ப்ராப்ளமும் இல்ல சார், எல்லா வண்டியும் இப்படித்தான்" என்கிறார்களே, என்ன பதில் சொல்வது?
– கல்லூரி ஆசிரியை, கிருஷ்ணன்கோவில்

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

பி.எஸ்.6 டீசல் கார். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர். மாதம் தவறாமல் மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. "ஓட்டுகிற முறை சரியில்லை" என்கிறார்கள். இருபத்தைந்து வருசமாக ஓட்டுகிறேன் ஐயா!
– ஜவுளி வியாபாரி, ராஜபாளையம்

உங்கள் ஓட்டத்தில் குறை இல்லை அண்ணாச்சி. உங்கள் தேவைக்கும் அந்த எஞ்சினுக்கும் பொருத்தம் இல்லை. பொருத்தம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் விற்றவர்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதி கட்டாயமான பிறகு டீசல் காரின் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வந்துவிட்டது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே சீராக இருபது நிமிடமாவது ஓடினால்தான் அந்தச் சூடு வரும். நீங்களோ எஞ்சின் சூடாவதற்குள் கடை வாசலில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். எரிப்பு தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது. கரி சேர்ந்துகொண்டே போகிறது. பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல், எஞ்சின் ஆயிலில் கலப்பதும் உண்டு. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் உடனே காட்டுங்கள்; ஆயில் கூடுவது நல்ல செய்தி அல்ல.

விளக்கு எரிந்ததும் கடைக்குப் போகாமல் கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரை, ஒரு கியர் குறைவாக, எஞ்சின் சுற்று இறங்காமல் ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். பெரும்பாலும் அணையும். அணையாமல் இன்னொரு விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள், சர்வீஸ் சென்டரில் கருவி வைத்து எரிக்கட்டும். இத்தனை விவரத்தையும் வாங்குகிற அன்றே ஷோரூமில் ஒருவர் சொல்லியிருந்தால் நீங்கள் பெட்ரோல் காரை எடுத்திருப்பீர்கள். "தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று கேட்காமல் டீசல் காரை விற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 'லெமன் சட்டம்' இருக்கிறதாமே?
– பொறியியல் மாணவர், மம்சாபுரம்

இருக்கிறது. அங்கே வாங்கிய நாள் முதல் தொல்லை தரும் காருக்குப் பெயரே 'லெமன்'. நாம் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கிறோம், அவர்கள் அதை ஸ்டியரிங் பிடித்து ஓட்டி அவதிப்பட்டிருக்கிறார்கள். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதல் லெமன் சட்டம் போட்டது. ஒரே பழுதை இத்தனை தடவை முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால், அல்லது வண்டி இத்தனை நாள் பட்டறையில் கிடந்தால், காரை மாற்று, இல்லை பணத்தைக் கொடு என்பது சாரம். இங்கே அப்படி எண்ணிச் சொல்லும் சட்டம் இல்லை. எத்தனையாவது தடவையோடு பொறுமை முடிகிறது என்று சட்டமே சொல்லிவிட்டால் பிளவக்கல் நண்பர் ஆறாவது தடவைக்குக் காத்திருக்க வேண்டாம். நமக்கும் அது வந்தே தீர வேண்டும்.

புதுக் காருக்குப் பதில் புதுக் கார், நம் நாட்டில் யாருக்காவது கிடைத்திருக்கிறதா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், ஸ்ரீவில்லிபுத்தூர்

கிடைத்திருக்கிறது. ஆனால் படியேற வேண்டும். 2006-ல் மாருதி வழக்கு ஒன்றில், வாரண்டி என்றால் பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், முழுக் காரையும் அல்ல என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் இழப்பீட்டோடு நிறுத்தியது. இன்றும் கம்பெனி வக்கீல்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அந்தத் தீர்ப்பு.

மறுபக்கம் 2022 ஏப்ரலில் வந்தது. 2015-ல் வாங்கிய கிரெட்டா, 2017-ல் டில்லி–பானிபட் சாலையில் மோதியது. ஏர்பேக் விரியவில்லை, ஓட்டியவருக்குத் தலையிலும் நெஞ்சிலும் பல்லிலும் காயம். மோதிய விசை போதாது என்றது ஹூண்டாய். வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். மாற்றுக் காரும், மூன்று லட்சம் ரூபாயும் தரச் சொன்ன உத்தரவு நிலைத்தது.

2024 ஜூலையில் இன்னொன்று. ஐதராபாத் நிறுவனம் 2009-ல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. காரில் சில நாளிலேயே பழுது. தீர்ப்பு வந்தது பதினைந்து ஆண்டுக்குப் பிறகு: 50 லட்சம் ரூபாய். நடுவில் 2012-லேயே புதுக் கார் தருகிறோம் என்று கம்பெனி சொல்லியும் வாங்கியவர் ஏற்கவில்லை. நான் அவரிடத்தில் இருந்தால் அன்றே சாவியை வாங்கியிருப்பேன். கோபம் நியாயமானதுதான், ஆனாலும் பதினைந்து வருசம் கோர்ட்டு வாசலில் நிற்பது பெரிய விலை.

கேஸ் போட மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டுமா? வக்கீல் பீஸ் எவ்வளவு ஆகும்?
– பேண்டேஜ் தறிக்காரர், சத்திரப்பட்டி

மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும் கோர்ட்டுகளின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் அங்கேதான். பால்கோவா வாங்கப் போகிற தூரம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. 50 லட்சம் வரை 1,000. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், நீங்களே பேசலாம். இரண்டு வருசத்துக்குள் போட்டுவிட வேண்டும். 'இதோ அதோ' என்று சர்வீஸ் சென்டர் இழுத்தடிக்கும்போது ஓடுவது இந்தக் கடிகாரம்தான்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்கிற பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில். நிபுணர் சோதனைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதல் மனுவோடு அதையும் கேளுங்கள். பல வழக்குகள் தோற்பது நியாயம் இல்லாமல் அல்ல, நிபுணர் அறிக்கை இல்லாமல். கோர்ட்டுக்கு முந்தைய படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வருகின்றன.

நான் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன், சதுரகிரி பக்தர்களைத் தாணிப்பாறைக்கு ஏற்றிப் போவேன். "வியாபார வண்டி, நீ நுகர்வோரே இல்லை" என்கிறார்களே?
– டிரைவர், வத்திராயிருப்பு

சட்டத்தின் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. மீதிப் பாதி: பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற முதலாளிக்குத்தான் அந்தக் கதவு சாத்தும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வண்டி பட்டறையில் நின்றால் போகிற வாடகையையும் நோட்டில் எழுதி வையுங்கள். அதுவும் இழப்புதான், கேட்கலாம்.

வண்டி ஓடவில்லை. தவணையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், தளவாய்புரம்

வேண்டாம். பாங்க் கொடுத்தது பணம், கார் அல்ல. தவணை தவறினால் வண்டியும் போகும், பெயரும் கெடும், வழக்கில் காட்டப் பொருளும் இருக்காது.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. வாரண்டியில் வராதாமே?
– மாந்தோப்புக் காவலரின் மகன், பிளவக்கல்

வராது. எலி கம்பெனி ஊழியர் இல்லையே. இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள், முழுக் காப்பீடாக இருந்தால் வழி இருக்கலாம். தோப்புக்குள் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். பின்சீட்டில் கடலை மிட்டாய் விட்டுவைக்காதீர்கள்.

எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது. காரின் குறையா, பங்க்கின் குறையா?
– எல்.ஐ.சி. முகவர், சேத்தூர்

எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இ-20-க்குத் தக்கபடி அமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்பது 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சொன்ன கணக்கு. 20 கொடுத்த வண்டி 19 கொடுத்தால் பெட்ரோலைச் சொல்லுங்கள். 14 கொடுத்தால் காரைக் காட்டுங்கள்.

அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி! இப்போது எல்லாம் பிளாஸ்டிக். ஒப்புக்கொள்கிறீர்களா?
– மில் தொழிலாளி (ஓய்வு), ராஜபாளையம்

ஒப்புக்கொள்ள முடியவில்லை பெரியவரே. 1985-ல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒன்றை இறக்கியது. மேலே பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடம்பு. உள்ளே வேன்கார்டு காலத்துப் பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோல் குடியும் அதிகம். மூன்று நான்கு வருசத்தில் காரும் நின்றது, வண்டலூர்த் தொழிற்சாலையும் நின்றது. ஹெரால்டு கார் செய்து பெயர் வாங்கிய கம்பெனி அது. அன்று அந்தக் காரை வாங்கி நொந்தவர் போய் நிற்க நுகர்வோர் மன்றமும் இல்லை. அதற்கான சட்டமே 1986-ல்தான் வந்தது.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? புகார்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.
– செவிலியர், கூமாபட்டி

பயம் நியாயம்தான் தங்கச்சி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் மீது 2023 செப்டம்பரிலிருந்து ஒரே வருசத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. எந்தக் கம்பெனி என்பதைவிட முதலில் பார்க்க வேண்டியது, பட்டறை எந்த ஊரில் என்பதை. இரவு டியூட்டி முடிந்து வருகிற உங்களுக்கு, நின்றுபோன வண்டியை எழுபது எண்பது கிலோமீட்டர் லாரியில் ஏற்றி அனுப்புகிற நிலைமை வரக் கூடாது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சர்வீஸ் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். அங்கே வாசலில் நிற்கிறவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பா ஓய்வுப் பணத்தில் வாங்கிய கார். பிளவக்கல் போகும் வழியில் நடுரோட்டில் நின்றுவிட்டது. சர்வீஸில் "பெரியவருக்குப் புது வண்டி பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாவியைத் தொடுவதில்லை.
– ஒரு மகள், ராஜபாளையம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. வாழ்நாள் உழைப்பில் வாங்கிய பொருளைத் தானே கெடுத்துவிட்டதாக ஒரு மனிதரை நம்ப வைத்தது, கார் நின்றதைவிடப் பெரிய தப்பு.

இன்றைய கார்களில் பழுது வந்தால் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைப் பதிந்து வைக்கும். அந்த நொடியில் என்ன வேகம், எஞ்சின் சுற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதும் கூடவே பதிந்திருக்கும். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். ஸ்கேன் போடச் சொல்லி, அழிப்பதற்கு முன் அந்த அறிக்கையின் அச்சை வாங்குங்கள். தர மறுத்தால் திரையைப் படம் எடுங்கள். சென்சாரின் பெயரோ பம்ப்பின் பெயரோ அதில் இருந்தால், அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்தத் தாளின் நகலோடு, "பழக்கமில்லை" என்று சொன்னவரின் மேலாளருக்கு ஒரு கடிதம் போகட்டும். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும். வண்டி சரியாகி வருகிற அன்று சர்வீஸ் சென்டரிலிருந்து வீட்டுக்கு அவரே ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள்.